இரண்டு விநாடி

ஹவல்லியில், துனிஸ் தெருவில்,
கடிகாரக் கடைக்குக் கீழே நிலவறை.
சிவப்பு விளக்கில் பன்னிரண்டு மணி நேரம்
படம் கழுவுகிறேன்.
என் பத்தாக்காவில் சமையல்காரன் என்று போட்டிருக்கிறது.
காதிம் விசா.
கஃபீல் வீட்டு அடுப்பை இதுவரை பார்த்ததில்லை.

பத்ரியா படியிறங்கி வருவாள்,
தோளில் இரண்டு கேமரா.
டிஜிட்டல் பத்திரிகைக்கு, ஃபிலிம் எனக்கு என்பாள்.
முதல் நாளே பெயர் கேட்டாள்.
ஏழு வருஷமாய் எல்லோருக்கும் 'சதீக்'காக இருந்தவனுக்கு
சட்டென்று வாயில் வரவில்லை.
செவத்தியான் என்றேன்.
அவளிடம் அது செபத்தி ஆனது. போகட்டும்.

முதல் சுருள் முழுக்கச் செருப்புகள்.
முப்பத்தாறு படமும் செருப்புகள்.
திவானியா வாசல்கள் அவை.
உள்ளே ஆண்கள் தேநீரோடு
பெண்களுக்கு ஓட்டு தரலாமா என்று
நள்ளிரவு தாண்டிப் பேசிக்கொண்டிருக்க,
'என்னை உள்ளே விடவில்லை,
அவர்கள் வெளியே விட்டதை எடுத்தேன்' என்றாள்.
மருந்துத் தண்ணீரில் ஒவ்வொரு ஜோடியாய் எழுந்து வந்தது.
ஒன்றில் இடது குதிகால் மட்டும் தேய்ந்திருந்தது.
யாரோ ஒருவர்
ஒரே பக்கமாய்ச் சாய்ந்து நடப்பவர்.

பிறகு மஜ்லிஸ் எதிரே பெண்கள் திரண்ட நாள்.
நீலச் சட்டை, நீல முக்காடு, கையில் நீலத் துணி.
நீலம்தான் எங்கள் கோரிக்கை என்றாள்.
என் காகிதத்தில் நீலம் கிடையாது.
வெள்ளைத் திஷ்தாஷாவுக்கும் கறுப்பு அபாயாவுக்கும் நடுவே
ஏதோ ஒரு சாம்பல்.
அதுவும் வெள்ளையில் கரைந்துவிடாதபடி
கையால் மற்றதை மறைத்து
அந்தப் பக்கத்துக்கு மட்டும்
இரண்டு விநாடி வெளிச்சம் கூட்டிக் கொடுத்தேன்.
இந்த நாட்டு அரசியலில்
நான் செய்தது அவ்வளவுதான்.

அந்தப் படத்தின் இடது ஓரத்தில் ஒருவன்
குனிந்து நோட்டீசு பெருக்கிக்கொண்டிருந்தான்.
முகம் தெரியவில்லை.
தலையில் துண்டு கட்டிய விதம் தெரிந்தது,
எங்கள் பக்கத்துக் கட்டு.

மறுநாள் பத்திரிகையில் அவன் இல்லை.
வெட்டியிருந்தார்கள்.
துடைப்பக் காம்பு மட்டும்
ஒரு பெண்ணின் முழங்கையருகே நின்றது,
கொடியில்லாத கம்பம் மாதிரி.
அவள் தாளை என் மேசையில் வீசினாள்.
'அவனை ஏன் வெட்டினார்கள்?'
'நீங்கள் ஜெயித்தாலும் அவனுக்கு ஓட்டு இல்லையே' என்றேன்.
சொன்ன பிறகு பயம் வந்தது.
கொஞ்ச நேரம் குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடியது.
'உனக்கு?'
'ஊரில் இருக்கிறது.
இரண்டு தேர்தலாய் வேறு யாரோ போட்டுவிடுகிறார்கள்.'
சிரித்தாள். நானும்.
அப்புறம் எதற்குச் சிரித்தோம் என்று இருவருக்கும் புரியவில்லை.

மே மாதம் ஒரு ராத்திரி
தெருவெல்லாம் ஹாரன் சத்தம்.
மசோதா தேறிவிட்டது என்று ஓடி வந்தாள்,
கண்மை கன்னம்வரை வழிந்திருந்தது.
சுருளில் ஒரே ஒரு படம் மிச்சம்.
அதில் நீ, என்றாள்.
வேண்டாம், நான் சமையல்காரன், என்றேன்.
விளையாட்டென்று நினைத்து,
பிறகு புரிந்துகொண்டு,
கேமராவைத் தாழ்த்தினாள்.
'கை மட்டும்?'

சிவப்பு வெளிச்சம் போதவில்லை.
எட்டு விநாடி அசையாதே என்றாள்.
எட்டு விநாடி என்பது எவ்வளவு என்று
என்னைவிட யாருக்குத் தெரியும்?
ஆனாலும் அசைந்துவிட்டேன்.

நானே கழுவினேன் அதை.
தட்டின் விளிம்பு கூர்மையாய் விழுந்திருக்கிறது,
கைகள் இரண்டும் புகை.
அரிசி களைகிறவன் கைபோல இருக்கிறது.
கஃபீல் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

படத்தைத் திருப்பி
பென்சிலால் ஊர், தேதி எழுதினாள்.
பெயருக்கு இடம் விட்டு
என்னைப் பார்த்தாள்.
நான் ஈரக் கையைத்
துடைத்துக்கொண்டே இருந்தேன்.